எழுபது புளியங்கொட்டை

முதலில் ஒரு வாக்குமூலம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐந்து வயதுப் பையன் ஒருவனை நான் அழ வைத்தேன்.

எங்கள் தெருவில் யூ.கே.ஜி படிக்கிற வாண்டு ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனுக்கு டியூஷன். யூ.கே.ஜி-க்கு டியூஷனா என்று சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்தில் எல்.கே.ஜி-க்கே உண்டு. மாதம் 500 ரூபாய். பி.காம் படிக்கிறவளுக்கு ஜெராக்ஸ் செலவும் மொபைல் ரீசார்ஜும் அதில் ஓடிவிடும்.

அவன் பிரச்சினை 12-ம் 21-ம். 12 எழுதச் சொன்னால் 21 எழுதுவான், 14-க்கு 41. பள்ளிக்கூட நோட்டில் சிவப்புச் சுழிகள். அவன் அம்மா நோட்டைக் காட்டி, "எப்படியாவது சரி பண்ணிரும்மா" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வழி எனக்குச் சின்ன வயதில் செய்யப்பட்ட வழிதான். 11-லிருந்து 50 வரை பத்து தடவை எழுது. நாலாவது தடவையில் பென்சிலைக் கீழே வைத்தான். உதடு பிதுங்கியது. "எனக்கு கணக்கு வராதுக்கா" என்றான்.

அதைக் கேட்டதும் வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால் அது என் வசனம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பதினொன்றில் கணக்கே இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்தவள் நான். (பி.காமில் பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் வந்து நின்று கழுத்தைப் பிடித்தது தனிக் கதை.) நான் அந்த வசனத்தைச் சொன்னது 15 வயதில். இவன் ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டான். சொல்ல வைத்தவள் நான்.

உள்ளேயிருந்து எங்கள் ஆச்சி வந்தாள். "ஏட்டி, பச்சப்புள்ளய ஏன் இந்தப் பாடு படுத்துத? இங்க விடு அவன" என்று நோட்டை மூடி வைத்துவிட்டு, பரண் மேலிருந்து பல்லாங்குழியை இறக்கச் சொன்னாள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. எதிரெதிரே இரண்டு பேர். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும். எங்கள் வீட்டு விதிப்படி குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு, அதோடு ஆட்டம் கை மாறும். நடுவில் ஏதாவது ஒரு குழியில் நாலு விதை சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த விதைகளை வைத்து அவரவர் குழியை மறுபடி ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழியை மூடிவிட்டு ஆட வேண்டும். மூடின குழி அவமானம்!

நோட்டில் 12 எழுதத் தெரியாத பையன் மூன்றாவது நாள் ஆட்டத்தில் ஒரு குழி மேல் கையை வைத்துவிட்டு எடுத்தான். ஏன்டா என்றேன். "இத எடுத்தா அங்க நாலாயிரும். ஆச்சி பசு எடுத்துருவாங்க." மூன்று விதை இருந்த குழியில் தன் கடைசி விதை போய் விழும் என்பதை அள்ளுவதற்கு முன்பே மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். விரல் விடவில்லை. எண்ணவும் இல்லை, பார்த்தே சொன்னான். மூன்று, நாலு விதைகளை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் அறிவது மனுஷக் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே உள்ள திறமை என்று உளவியல்காரர்கள் சொல்கிறார்கள். பல்லாங்குழி அதன் மேலேயே கட்டின விளையாட்டு போலத் தெரிகிறது.

பத்து நாள் கழித்து நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. ஆட்டம் முடிந்து குழி நிரப்பினார்கள். ஆச்சிக்கு ஏழு குழியும் நிரம்பி இரண்டு விதை மிச்சம். இவனுக்கு ஆறு குழி நிரம்பி இரண்டு மிச்சம், ஒரு குழி மூடல். ஆச்சி ஆட்டத்தை ஆரம்பிக்கப் போனாள். இவன் தடுத்தான். "ஒன்னு கொறையுது ஆச்சி."

எப்படிடா?

"மூடின குழிக்கு அஞ்சு இருக்கணும்லா? ஆச்சிட்ட ரெண்டு, எங்கிட்ட ரெண்டு. நாலுதான இருக்கு."

பாயைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

நண்பர்களே, இதை நான் விளக்கியே ஆக வேண்டும், காமர்ஸ்காரி ஆயிற்றே. 14 குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70. அந்த 70 எங்கேயும் போகாது. ஆச்சிக்கு ஒன்று கூடினால் இவனுக்கு ஒன்று குறையும். 13 குழி நிரம்பியிருந்தால் மிச்சம் ஐந்துதான் இருந்தாக வேண்டும், யாரிடம் எத்தனை இருந்தாலும் சரி. 70 என்ற எண்ணை அவன் சொல்லவில்லை, அவனுக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் கணக்கு நேராகவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது வகுப்பில் பாதிப் பேர் (நானும்தான்) முழித்தோம். நானும் ஆறேழு வயதிலிருந்து ஆச்சியோடு பல்லாங்குழி ஆடினவள்தான். எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறேன். அந்த ஜெயிப்புக்கும் 'கணக்கு' என்ற பாடத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு உறைத்தது அந்த இடம்தான்.

'விளையாடினால் கணக்கு தானாக வந்துவிடும்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பொம்மை விற்கிற விளம்பரமும் சொல்கிறது. அரசாங்கமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடல், பாடல், விளையாட்டு எல்லாம் உண்டு. நல்ல விஷயம். ஆனால் 'தானாக' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

2017-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. டில்லியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் 200-க்கும் மேற்பட்ட பாலர் பள்ளிகளில் செய்தது. எஸ்தர் டஃப்லோ (2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்), எலிசபெத் ஸ்பெல்கி, மோய்ரா டில்லன் முதலானவர்கள் 'பிரதம்' அமைப்போடு சேர்ந்து நடத்தினார்கள். சில மாதங்கள் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து கணக்கு விளையாட்டு ஆடினார்கள். எந்தப் பக்கம் புள்ளி அதிகம், எந்த வடிவம் இந்தக் கூட்டத்தில் சேராது, இந்த மாதிரி. பலன்? எண்ணுணர்வு கூடியது, அது ஒரு வருஷத்துக்கு மேலும் நிலைத்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது, பள்ளிக்கூடக் கணக்கில் மற்றவர்களைவிட முன்னால் இல்லை. உள்ளே இருந்த எண் நோட்டுக்கு நடந்து வரவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் பழசு. பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்துத் தெருக்களில் வியாபாரம் பார்த்த பிள்ளைகளை வைத்துச் செய்து 1985-ல் வெளியான ஆய்வு. 35 குருசேரோ விலையுள்ள தேங்காய் பத்து வாங்கினால் எவ்வளவு என்று 12 வயதுப் பையனிடம் கேட்கிறார்கள். அவன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னொரு மூன்று 210, இன்னொரு மூன்று 315, ஒன்று கூட்டினால் 350 என்று வருகிறான். தெருவில் இந்த மாதிரிக் கேள்விகளில் பிள்ளைகள் சரியாகச் சொன்னது 98 சதவீதம். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்! அதே பிள்ளை, அதே தலை.

எங்கள் ஆச்சியும் அப்படித்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பூக்காரியிடம் முழம் கணக்குப் பேசும்போது கால்குலேட்டர் தோற்கும். என் ஸ்டாடிஸ்டிக்ஸ் புத்தகத்தைக் காட்டினால் "எனக்கு என்னத்த தெரியும்" என்று கையை விரிப்பாள்.

ஆக, விளையாட்டில் கணக்கு இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் நோட்டு. நடுவில் யாராவது ஒரு பலகையைப் போட வேண்டும்.

அமெரிக்காவில் கீத்தா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டம் போட்ட அட்டை, சுழற்றினால் 1 அல்லது 2 விழும். ஏழைக் குடும்பத்து நாலைந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரத்துக்குள் மொத்தம் ஒரு மணி நேரம் போல ஆடியதற்கே எண்களை ஒப்பிடுவது, அடையாளம் சொல்வது எல்லாம் கூடியது. ஒன்பது வாரம் கழித்தும் இருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட அட்டையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை. இன்னொரு சூட்சுமமும் உண்டு. நாம் தாயத்தில் காய் நகர்த்தும்போது "ஒன்னு, ரெண்டு, மூனு" என்றுதான் எண்ணுவோம். இங்கே அப்படி இல்லை. 5-ல் இருந்து இரண்டு நகர்ந்தால் "ஆறு, ஏழு" என்று கட்டத்து எண்ணைச் சொல்ல வேண்டும். சீக்லர் பிறகு எலிடா லாஸ்கியோடு சேர்ந்து 2014-ல் 100 கட்ட அட்டையில் இதைச் சோதித்தார். கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்திய பிள்ளைகள்தான் நன்றாக முன்னேறினார்கள். அதே அட்டை, அதே ஆட்டம். வாயில் எந்த எண் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

வாயில் வரும் எண் என்றதும் 12-க்கும் 21-க்கும் வருகிறேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எண் இங்கிலீஷில். 'ஃபோர்டீன்' என்றால் காதில் முதலில் விழுவது ஃபோர். அவன் முதலில் 4 எழுதுகிறான், அப்புறம் 1. அவன் காதை நம்பியதற்கு என்ன தண்டனை! 'ட்வெல்வ்' என்பதிலோ பத்தும் தெரியாது, இரண்டும் தெரியாது. தமிழில் பதினான்கு என்றால் பத்து முன்னால், நான்கு பின்னால். எழுதுகிற வரிசையும் அதேதான். (நாம் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 90-க்கு வந்ததும் தொண்ணூறு என்று சொல்லிக் குழந்தையைக் குப்புறத் தள்ளிவிடுகிறோம்.) ஆச்சி எண்ணுவது தமிழில். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

நான் போட்ட பலகை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை விதை ஜெயித்தார்கள் என்று நோட்டில் எழுதுவது அவன் வேலை. முதல் நாள் அவனுக்கு 32, ஆச்சிக்கு 38. எண்ணிச் சரியாகச் சொன்னான். எழுதும்போது 23 என்று எழுதினான். நான் சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "இருபத்தி மூனா? அப்ப உனக்கு நாலு குழிதான் ரொம்பும்ல, மூனு குழிய மூடு" என்றாள் ஆச்சி, ரொம்ப சீரியஸாக. அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! முப்பத்திரண்டு, முப்பது, மூனுதான் முதல்ல என்று கத்தி, அழித்து, பேப்பர் கிழிகிற மாதிரி 32 எழுதினான். பத்து தடவை எழுத வைத்தபோது 12-ம் 21-ம் அவனுக்கு வெறும் கோடுகள். இப்போது 23 என்று எழுதினால் இரண்டு குழி போகும்.

லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1933-ல் விளையாட்டைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். குழந்தை ஒரு குச்சியைக் காலுக்கிடையில் வைத்துக் குதிரை என்று ஓட்டும்போது, பொருள் வேறு, அது குறிக்கும் அர்த்தம் வேறு என்று முதல் தடவையாகப் பிரித்துப் பார்க்கிறது என்பது அவர் கருத்து. இதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. குச்சி குதிரையாவதும் '32' என்ற கிறுக்கல் ஒரு குவியல் புளியங்கொட்டையாவதும் ஒரே வித்தைதானே? கற்பனை ஒரு பக்கம், கணக்கு வேறு பக்கம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

கற்பனை என்றதும் வாண்டுவின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் "பசுவுக்கு நாலு வேண்டாம், ஆறு வச்சுக்கலாம், பெரிய பசு!" என்றான். சரி என்று ஆடினோம். முதல் அள்ளலிலேயே களேபரம். எல்லாக் குழியிலும் ஐந்து இருக்கிறதா, ஒரு விதை விழுந்ததும் ஆறு. போடப் போட ஒவ்வொரு குழியும் பசு. இரண்டு நிமிஷத்தில் பலகை காலி. விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதான் நாலு வச்சிருக்காங்களாக்கா?" என்றான்.

ஐந்தில் தொடங்குகிற குழி நாலாக வேண்டுமென்றால் முதலில் காலியாகி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். அதனால்தான் பசு அபூர்வம், அதனால்தான் அதற்கு மதிப்பு. பதினைந்து வருஷம் ஆடியும் நான் கேட்காத கேள்வி. ஓர் எண்ணை மாற்றிப் பார், என்ன உடைகிறது என்று கவனி, ஏன் என்று கேள். இதைக் கணக்கு என்பீர்களா, படைப்பாற்றல் என்பீர்களா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஜெர்மனியில் 1837-ல் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல்லும் பிரிக்கவில்லை. எட்டுச் சின்ன மரக்கட்டைகள் சேர்ந்த ஒரு கனசதுரத்தைக் குழந்தை கையில் கொடுத்தார். அதே எட்டில் நாற்காலி செய்யலாம், கோலம் மாதிரி அடுக்கி அழகு பார்க்கலாம், பாதி, கால், அரைக்கால் என்று பிரித்தும் பார்க்கலாம். அவர் வைத்த 'கிண்டர்கார்டன்' என்ற பெயர்தான் யூ.கே.ஜி-யில் வருகிற அந்தக் 'கே.ஜி'. பெயரை வாங்கிக்கொண்டோம், கட்டையை விட்டுவிட்டு நாலு கோடு நோட்டைக் கொடுத்துவிட்டோம்.

இதெல்லாம் வாண்டுவின் அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. ஒருநாள் பாதியில் வந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பாயில் குனிந்து கிடந்தோம். "என்னம்மா, வெளாடுறதுக்கா காசு குடுக்கோம்?" கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார். ஒன்றாம் வகுப்பில் நல்ல பள்ளிக்கூடம் மாற்ற நினைக்கிறார், அங்கே 1 முதல் 100 வரை எழுதிக் காட்டச் சொல்வார்களாம். டில்லி ஆய்வையும் பிரேசில் தேங்காயையும் அவரிடம் என்னவென்று சொல்ல? "அக்கா, முக்கால் மணி நேரம் நோட்டு, கால் மணி நேரம் இது" என்று பேரம் பேசி வைத்திருக்கிறேன். நிஜத்தில் பாதிக்குப் பாதி ஓடுகிறது, ஆச்சி காட்டிக்கொடுக்க மாட்டாள்.

ஒரேயடியாக மாறிவிட்டான் என்று கதை விட மாட்டேன். பல்லாங்குழி நோட்டில் இப்போது தப்பே வருவதில்லை. பள்ளிக்கூட நோட்டில் இன்னும் வாரத்துக்கு இரண்டு மூன்று சுழி. போன திங்கள்கிழமை டெஸ்ட்டுக்கு முன்னால் மறுபடியும் அந்த வசனத்தைச் சொன்னான். "எனக்கு கணக்கு வராதுக்கா." ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, "அப்ப பாய்க்கு அடியில கெடந்த கொட்டைய யாரு கண்டுபிடிச்சா?" என்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அது கணக்கா ஆச்சி?"

பி.கு: உங்கள் வீட்டில் குழிக்கு எத்தனை விதை, பசுவுக்கு எத்தனை? ஆறு, பன்னிரண்டு என்றெல்லாம் வைத்து ஆடுவார்கள் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாண்டு ஆடிப் பார்க்கக் காத்திருக்கிறான் :-)